வெயிலும் நிழலும்: வைட்டமின் டி என்னும் சொல்லாடல் குறித்துச் சில குறிப்புகள்

1

ரத்தப் பரிசோதனைச் சீட்டை ஒரு பிரதியாக வாசிக்க முடியுமா? கவிதை, நாவல், கல்வெட்டு, அரசாணை, சினிமா போஸ்டர் என்று எல்லாவற்றையும் பிரதியாக வாசித்துப் பழகிய நாம் இந்தச் சீட்டை மட்டும் வாசிப்பதில்லை. கையில் வாங்கியதும் அதற்குக் கீழ்ப்படிந்துவிடுகிறோம். காரைக்காலில் இன்று நடுத்தர வர்க்க வீடுகளில் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாகப் பேசப்படுகிற எண் வைட்டமின் டி. கை கால் அசதியா, முதுகுவலியா, முடி கொட்டுகிறதா, மனசு சரியில்லையா? ‘எதுக்கும் டி டெஸ்ட் ஒண்ணு எடுத்துப் பாத்துடுங்க.’ சீட்டு வருகிறது. பெயர், வயது, ஆணா பெண்ணா, ஒரு எண், பக்கத்தில் ‘இருக்க வேண்டிய அளவு’. எண் கோட்டுக்குக் கீழே இருந்தால் தடித்த எழுத்து. அவ்வளவுதான் பிரதி.

இதில் எழுதப்படாதவை எவை என்று கேட்பதுதான் வாசிப்பின் தொடக்கம். இந்த உடல் என்ன வேலை செய்கிறது, எத்தனை மணிக்கு வீட்டைவிட்டு வெளியே வர முடிகிறது, மொட்டை மாடி யாருடையது, தட்டில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறது - எதுவும் இல்லை. உடல் அதன் வாழ்நிலையிலிருந்து அறுத்தெடுக்கப்பட்டு ஒரு தனிநபர்ப் பற்றாக்குறையாகக் கட்டமைக்கப்படுகிறது. பற்றாக்குறை என்று ஆன பிறகு அதை நிரப்பும் சரக்கு தானே வந்து நிற்கும்.

‘பதினோரு டிகிரி அட்சரேகைக்குச் சற்றுக் கீழே, வருஷம் பூராவும் வெயில் கொளுத்துற ஊர்ல வெயில் சத்துக்குப் பஞ்சமா?’ என்று ஆச்சரியப்படுகிறார்கள். இந்த ஆச்சரியமே ஒரு கருத்தியல். வெயில் எல்லார் மேலும் சமமாக விழுகிறது என்ற அனுமானம் அதற்குள் இருக்கிறது. நெல்லும் நிலமும் போலவே வெயிலும் நிழலும் இங்கே சாதிவழி, பால்வழி, வேலைவழி பங்கிடப்பட்டவை என்பதுதான் இக்குறிப்புகளின் வாதம்.

2

வாதத்துக்கு முன்னால் கொஞ்சம் உடலியல். தோலில் உள்ள ஒரு கொழுப்புப் பொருளின் மேல் வெயிலின் புற ஊதாக் கதிர்களில் ‘பி’ வகை படும்போது டி உண்டாகிறது. அது ஈரலுக்குப் போய் ஒரு மாற்றம் அடைகிறது. ரத்தத்தில் அளக்கப்படுவது இந்த வடிவம்தான். பிறகு சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம். அதன் பிறகே குடல் உணவிலிருந்து கால்சியத்தை உறிஞ்ச அது துணைசெய்யும். தோல், ஈரல், சிறுநீரகம், குடல், எலும்பு என்று ஐந்து இடங்களில் நடக்கும் ஒரு காரியத்தை ஒரே இடத்தில், ஒரே நாளில் அளந்து சொல்வது அந்த எண்.

அந்த எண்ணுக்குக் கோடு போட்டது யார்? 2011ஆம் ஆண்டு அமெரிக்காவில் இரண்டு அமைப்புகள் இரண்டு கோடு போட்டன. இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின், ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 20 நானோகிராம் இருந்தால் ஏறக்குறைய எல்லாருடைய எலும்புக்கும் போதும் என்றது. நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் சங்கமான எண்டோகிரைன் சொசைட்டி 30 வேண்டும் என்றது. ஆக 20க்கும் 30க்கும் நடுவில் இருக்கிற ஒரு ஆள், முதல் கோட்டின்படி ஆரோக்கியமானவர், இரண்டாவது கோட்டின்படி குறைபாடு உள்ளவர். உடல் மாறவில்லை, கோடு மாறியது. உலகெங்கும் சோதனைக்கூடங்கள் பரவலாக எடுத்துக்கொண்டது 30ஐத்தான். கோடு ஏற ஏற நோயாளிகளின் தொகையும் ஏறும் என்பதற்குக் கணிதம் படிக்க வேண்டியதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், 2024இல் வெளியிட்ட புதிய வழிகாட்டுதலில் அதே எண்டோகிரைன் சொசைட்டி 30 என்ற கோட்டைக் கைவிட்டுவிட்டது. ஆரோக்கியமாக உள்ள பெரியவர்களுக்கு வழக்கமாக இந்தச் சோதனை செய்ய வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டது. இங்கே என் கைக்கு வருகிற சீட்டுகளில் கோடு இன்னும் 30இல்தான் நிற்கிறது.

ஜார்ஜ் கங்கிலெம் 1943இல் எழுதிய தன் மருத்துவ ஆய்வேட்டில் ‘இயல்பு’ என்பதைச் சராசரியால் வரையறுக்க முடியாது என்று வாதிட்டார். ஒரு உடல் தன் சூழலோடு எவ்வாறு உறவுகொண்டு வாழ்கிறது என்பதில்தான் இயல்பும் நோயும் இருக்கின்றன. ஃபூக்கோவுக்கு முன்னோடி இவர். நமது சீட்டு சூழலை அழித்துவிட்டு இயல்பை மட்டும் அச்சிடுகிறது.

இதை வைத்துக்கொண்டு ‘அப்ப இந்தக் குறைபாடே ஒரு பொய்யா?’ என்று கேட்டால், இல்லை. குறைபாடு நிஜம். மிகக் குறைந்த அளவில் எலும்பு மெத்தென்று ஆகும், இடுப்பும் தொடையும் வலிக்கும், மாடிப்படி ஏற முடியாது. குழந்தைக்குக் கால் வளையும். தாய்ப்பால் மட்டும் குடித்த கைக்குழந்தைகளுக்குக் கால்சியம் இறங்கி வலிப்பு வந்ததைச் சென்னைக் குழந்தை மருத்துவர்கள் 2006இல் பதிவு செய்திருக்கிறார்கள். தாய்க்கே இல்லாதபோது பாலில் எங்கிருந்து வரும்? ஆகவே மருந்தை எதிர்ப்பது என் வேலை இல்லை. காரணங்களை அழித்துவிட்டு மருந்தை மட்டும் நிறுத்துகிற சொல்லாடலைத்தான் எதிர்க்கிறேன்.

3

காரணம் என்று அந்தச் சொல்லாடல் ஏதாவது பேசினால் அது உடையைப் பேசுகிறது. காரைக்கால், நாகூர் வட்டாரத்தில் இது முஸ்லிம் பெண்களைச் சுட்டும் விரலாக மாறுவதற்கு ரொம்ப நேரம் ஆவதில்லை. ‘பர்தாவைப் போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ளயே இருந்தா எலும்பு தேயத்தான் செய்யும்’ என்று சொல்கிறவரின் குரலில் மருத்துவ அக்கறை எவ்வளவு, வேறு ஏதோ எவ்வளவு என்பது கேட்கிற காதுக்குத் தெரியும்.

இந்த விரலுக்கு நூறாண்டு வரலாறு உண்டு. 1922இல் ஹட்சிசன், ஷா என்ற இரு மருத்துவர்கள் மகாராஷ்டிரத்து நாசிக் பகுதியில் தாங்கள் கண்ட எலும்பு நோய் பற்றி எழுதினார்கள். 1928இல் கேத்லீன் வான் பர்தா முறையும் தாய்மையும் பற்றி ஒரு நூலே எழுதினார். காலனிய மருத்துவம் கீழைப் பெண்ணை மீட்கக் கிளம்பிய காலம் அது. ஆனால் நாசிக் ஆய்வைக் கவனமாக வாசித்தால் வேறொன்று தெரிகிறது. நோய் அதிகம் இருந்தது வசதியான வீடுகளின் குழந்தைகளிடம், முஸ்லிம்களிடம் மட்டுமல்ல, மேல்தட்டு இந்துக்களிடமும். இருட்டறையில் வைத்துப் பொத்திப் பாதுகாக்கப்பட்டவர்கள் அவர்கள். வேலைக்குப் போகும் தாயின் இடுப்பில் வெயிலில் அலைந்த ஏழைக் குழந்தைகளிடம் நோய் குறைவு. அதாவது அந்த ஆய்வு உடையைவிடச் சுவரைப் பற்றிப் பேசுகிறது. அந்தஸ்து என்பது பெண்ணையும் பிள்ளையையும் சுவருக்குள் வைப்பது என்ற ஏற்பாட்டைப் பற்றிப் பேசுகிறது.

பின்னால் இதே கதை பிரிட்டனில் நடந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1940இல், அந்நாட்டு அரசு தன் மக்களின் எலும்புக்காக மார்கரீனில் வைட்டமின் டி சேர்க்க வைத்தது. யாரும் வெள்ளைக்காரரைப் பார்த்து ‘நீங்கள் ஏன் இப்படிச் சாப்பிடுகிறீர்கள்?’ என்று கேட்கவில்லை. உணவு மாறியது, மனிதர்கள் மாறச் சொல்லப்படவில்லை. கிளாஸ்கோ நகரத்துப் பாகிஸ்தானியர்களிடம் அதே நோயை மருத்துவர்கள் 1962இல் எழுதினார்கள். 1981இல் பிரிட்டன் நடத்திய கணைநோய் ஒழிப்புப் பிரச்சாரத்தின் முக்கிய ஆயுதம் அறிவுரை: உணவுப் பழக்கத்தை மாற்று, வெளியே வா. கறுப்பு, ஆசிய இயக்கத்தவர்கள் இதை அப்போதே விமர்சித்தார்கள். ஒருவருக்குச் சத்துச் சேர்த்த உணவு, இன்னொருவருக்குப் பண்பாட்டுப் பாடம். மற்றமையைக் கட்டமைப்பது இப்படித்தான்.

உடலை முழுக்க மூடும் உடை தோலுக்கு வரும் கதிரைக் குறைக்கும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 2000ஆம் ஆண்டு டெல்லியில் செய்த ஆய்வு ஒன்றில், எந்தப் பர்தாவும் போடாத மருத்துவர்களும் செவிலியர்களும் குறைபாட்டுக்குள் இருந்தார்கள். வெயிலில் பயிற்சி எடுத்த சிப்பாய்களின் அளவு அவர்களைவிட மேல். மருத்துவமனை அங்கி பற்றி யாரும் பண்பாட்டு விமர்சனம் எழுதவில்லை.

காரைக்காலின் பழைய மரைக்காயர் வீடுகளில் நடுவே முற்றம் இருக்கும். தெருவில் நிற்காமலே உச்சிவெயில் பெண்ணின் தலைக்கும் கைக்கும் வந்து சேர்ந்த இடம் அது. நெல் காய்ந்தது, வற்றல் காய்ந்தது, கூந்தல் காய்ந்தது. அரைக்கிரவுண்டு மனையில் கான்கிரீட் போட்டபோது முற்றம் போயிற்று. அதே பர்தா, அதே பெண்கள், முற்றம் மட்டும் இல்லை. இது இந்து வீடுகளுக்கும் பொருந்தும். மனை விலையையும் கட்டட முறையையும் ஒரு காரணமாக எந்தச் சீட்டு எழுதியது?

நிறம் என்பதும் அப்படியே. ‘வெயில்ல போகாதடி, கறுத்துடுவே’ என்ற வாக்கியத்தைக் கேட்காமல் வளர்ந்த பெண் இந்த டெல்டாவில் உண்டா? சாதி வித்தியாசமே இல்லாமல் எல்லா வீட்டிலும் சொல்லப்படுகிற வாக்கியம். கல்யாணச் சந்தையில் தோல் ஒரு விலைப்பட்டியல். 1975இல் வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020இல் தன் பெயரிலிருந்து வெண்மையை எடுத்துவிட்டு ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆனது. பெயர் மாறியது, வாக்கியம் மாறவில்லை. கருந்தோலுக்கு அதே அளவு டி உண்டாக்க அதிக நேரம் வெயில் வேண்டும். அந்தத் தோலைத்தான் வெயிலிலிருந்து அதிகமாக ஒளித்து வைக்கச் சொல்கிறோம்.

4

தமிழில் நிழல் என்பது அருள். அரசனின் வெண்கொற்றக்குடை வெயில் மறைக்கும் பொருள் மட்டுமல்ல, ஆட்சியின் குறியீடு. குடிகள் அவன் குடைநிழலில் வாழ்ந்ததாகப் பேசுவது நம் மரபு. அப்படியானால் குடைநிழலுக்கு வெளியே யார் நின்றார்கள்?

1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் கள்ளர் சாதியார் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 குடிக்கணக்கை நடத்திய ஜே.எச். ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். நகை போடக்கூடாது, சட்டை பனியன் போடக்கூடாது, பெண்கள் மேலுடம்பை மறைக்கக்கூடாது என்று போகும் பட்டியலில் ஒன்று: ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது. வெயில் ஆணையிட்டு உடல்மீது சுமத்தப்பட்டதற்கு இதைவிட வெளிப்படையான ஆவணம் வேண்டாம். ஒரு சாராருக்கு வெயில் தண்டனை, இன்னொரு சாராருக்கு நிழல் சொத்து. சொத்தை அனுபவித்தவரின் பேரப்பிள்ளைக்கு இன்று எண் குறைந்துவிட்டது என்றதும் வெயில் மருந்தாகிவிடுகிறது, பூங்காவில் நடைப்பயிற்சியாகிவிடுகிறது.

நெடுங்காடு பக்கம் நடவு வேலைக்குப் போகும் ஒரு அக்கா என்னிடம் சொன்னார்: ‘வெயில்ல நில்லுங்கன்னு சொல்றாங்க தம்பி. நான் என்ன நாப்பது வருஷமா நிழல்லயா நின்னேன்? எம் பொண்ணாவது நிழல்ல உக்காந்து சம்பாதிக்கட்டும்னுதானே படிக்க வச்சேன்.’ மகள் இப்போது ஜவுளிக்கடையில் நிற்கிறாள். காலை வெயில் ஏறுமுன் உள்ளே போனால் இருட்டிய பிறகு வெளியே வருகிறாள். அம்மாவுக்கு வெயில் அளவுக்கு மேல், மகளுக்கு வெயிலே இல்லை. இரண்டு பேருக்கும் முதுகு வலிக்கிறது. இருவரும் ஒரே வீட்டில், ஒரே சட்டிச் சோறு தின்கிறவர்கள் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வருகிறேன்.

காரைக்கால் அம்மையாரை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. மாங்கனித் திருவிழாவில் நாம் கொண்டாடுவது மாங்கனி பரிமாறிய இல்லத்தரசியை. அவர் அந்த இல்லத்திலிருந்து வெட்டவெளிக்கு, சுடுகாட்டுக்குப் போவதற்கு என்ன விலை கொடுத்தார்? சதையைக் களைந்து எலும்புருவான பேயுருவைக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்கிறது பெரியபுராணம். பக்தியின் உச்சம் என்று வாசிப்பது ஒரு வாசிப்பு. பெண்ணுடல் பெண்ணுடலாக இருக்கும்வரை வெளி அவளுக்குக் கிடைக்காது என்று இந்த ஊர் அன்றைக்கே எழுதி வைத்துவிட்டது என்பது என் வாசிப்பு. இன்றும் உச்சிவேளையில் ஒரு ஆண் டீக்கடை வாசலில் சும்மா நிற்கலாம். ஒரு பெண் சும்மா நிற்க முடியுமா? காரணம் வேண்டும், கையில் பை வேண்டும், யாருக்காவது பதில் வேண்டும்.

5

இப்போது சட்டிச் சோற்றுக்கு வருவோம். கவனிக்கப்படாத காரணங்களில் முதலாவது வெயில் அல்ல, தட்டு.

1987இல் ‘நேச்சர்’ இதழில் கிளமென்ட்ஸ் என்பவரும் சகாக்களும் எலிகளை வைத்து ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். உணவில் கால்சியம் குறைந்தால் உடல் தற்காப்பாகச் செயல்படும் டியின் உற்பத்தியை முடுக்குகிறது. அது கூடும்போது ஈரல் வடிவத்து டி வேகமாகச் சிதைந்து வெளியேறுகிறது. அதாவது கால்சியப் பஞ்சம் டியைத் தின்றுவிடுகிறது. வெயிலில் நின்று சம்பாதித்த டி, தட்டில் கால்சியம் இல்லாததால் செலவாகிப்போகிறது. தவிட்டிலும் தானியத்திலும் உள்ள ஃபைட்டேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டு உறிஞ்சவிடாமல் செய்வதும் இதோடு சேரும்.

திருப்பதியில் ஹரிநாராயணனும் சகாக்களும் ஆந்திரத்துக் கிராமத்தவரையும் நகரத்தவரையும் ஒப்பிட்டு 2004இலும் 2007இலும் வெளியிட்ட ஆய்வுகள் இங்கே முக்கியமானவை. கிராமத்தவர் அளவு நகரத்தவரைவிட மேல், வெயில் வேலை செய்திருக்கிறது. ஆனாலும் வயலில் பாடுபடுகிறவர்களிலேயே கணிசமானவர்கள் கோட்டுக்குக் கீழே. அவர்கள் உணவில் கால்சியம் மிகக் குறைவு, ஃபைட்டேட் அதிகம். நடவு அக்காவின் கேள்விக்கு இதில் பதில் இருக்கிறது.

இன்னொரு வெயில் நாடு நைஜீரியா. அங்கே கணைநோய் வந்த குழந்தைகளுக்கு மூன்று விதமாகச் சிகிச்சை கொடுத்துப் பார்த்த ஆய்வு 1999இல் வெளிவந்தது. வைட்டமின் டி மட்டும் பெற்றவர்களைவிட, கால்சியம் மட்டும் பெற்றவர்களும் இரண்டும் பெற்றவர்களும் நன்றாகத் தேறினார்கள். நோயின் பெயர் ‘டி குறைபாடு’, குணமாக்கியது கால்சியம். பெயரிடுவதில் உள்ள அதிகாரம் எது என்று தெரிகிறதா?

வளர்ந்தவர்களுக்கு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. நூறு கிராம் தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம் அளவுக்குத்தான் இருக்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் முந்நூறுக்கு மேல். டெல்டா அரிசியை மட்டுமே சோறு என்று ஆக்கிக்கொண்ட பூமி. கேழ்வரகுக் கூழ் தாழ்ந்த சாப்பாடாக்கப்பட்டது. வெள்ளைச் சோறு மரியாதையானது. தோலில் வெண்மை, தட்டிலும் வெண்மை.

கடற்கரைக்கு வாருங்கள். கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி, காரைக்கால்மேடு குப்பங்களில் மத்தியும் நெத்திலியும் முள்ளோடு தின்னப்படும் மீன்கள். முள் கால்சியம், மத்தியின் கொழுப்பில் டியும் இருக்கிறது. வெயில் கொடுப்பதையும் தட்டு கொடுப்பதையும் ஒன்றாகத் தருகிற, ஏழை வாங்கக்கூடிய உணவு. ‘கருவாட்டு நாத்தம்’ என்று மூக்கைப் பொத்தி, வாடகைக்கு வீடு தர மறுக்கும் சைவ ஒழுக்கத்துக்கும் எலும்புக்கும் உள்ள உறவை எந்தச் சத்துணவு நிபுணரும் எழுதுவதில்லை. சைவமாகத்தான் இருப்பேன் என்கிறவருக்குத் தயிரும் மோரும் எள்ளும் கீரையும் இருக்கின்றன, வாங்கக் காசு இருந்தால்.

6

கவனிக்கப்படாத மற்ற காரணங்களையும் சொல்லிவிடுகிறேன்.

எண் குறைந்தது நோய்க்குக் காரணமா, நோய் வந்ததால் எண் குறைந்ததா? உடலில் அழற்சி ஏற்பட்டாலே ரத்தத்தில் டி இறங்கும். மூட்டு மாற்று அறுவைசெய்த ஓரிரு நாளில் அளவு இறங்கிவிடுவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர் வெயிலுக்குப் போக மாட்டார். உடல் பருத்தவரிடம் டி கொழுப்பில் பரவித் தங்கிவிடும், ரத்தத்தில் குறைவாகத் தெரியும். டி குறைந்தவர்களுக்குச் சர்க்கரையும் இதயநோயும் மனச்சோர்வும் அதிகம் என்ற ஆய்வுகள் குவிந்ததற்குப் பின்னால் இந்தத் தலைகீழ்க் காரணமும் இருக்கிறது. கொடுத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவுகள் 2018இலிருந்து வெளிவந்தன. தினம் 2000 யூனிட். புற்றுநோயோ மாரடைப்போ வருவது குறையவில்லை. எலும்பு முறிவுகூடக் குறையவில்லை என்று 2022இல் அறிவித்தார்கள். ஏற்கெனவே போதுமான அளவு உள்ளவருக்கு மேலும் ஊற்றுவதால் பயனில்லை என்பதே அதன் பொருள், நிஜமான குறைபாடு உள்ளவருக்கு இது பொருந்தாது.

மருந்துகள் டியைச் சிதைக்கும். வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின், ஃபீனோபார்பிட்டால், காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் - இவை ஈரலில் டியின் அழிவைத் துரிதப்படுத்தும். வருஷக்கணக்கில் வலிப்பு மாத்திரை விழுங்கும் ஒரு பெண்ணிடம் ‘வெயிலில் போவதில்லையா?’ என்று கேட்பது எவ்வளவு அபத்தம்!

காற்று. டெல்லியில் மாசு மண்டிய பகுதிக் குழந்தைகளுக்கும் மாசு குறைந்த பகுதிக் குழந்தைகளுக்கும் டி அளவில் வித்தியாசம் இருந்ததை 2002இல் காட்டியிருக்கிறார்கள். புகையும் தூசியும் அந்தக் கதிரை வழியிலேயே வடிகட்டுகின்றன. துறைமுகத்து நிலக்கரித் தூசி பற்றி வாஞ்சூரும் நாகூரும் பேசியபோது நுரையீரலைப் பற்றிப் பேசினார்கள். எலும்பையும் அந்தப் பேச்சில் சேர்க்கக் காரணம் உண்டு.

நேரம். ‘காலை இளவெயில்ல பத்து நிமிஷம் நில்லுங்க’ என்பது எல்லாரும் சொல்லும் வைத்தியம். இளவெயில் இதமானது, மனசுக்கு நல்லது. ஆனால் சூரியன் தாழ்வாக இருக்கையில் ‘பி’ கதிர் காற்றுமண்டலத்திலேயே பெரும்பாலும் நின்றுவிடும். ஏறத்தாழ பதினோரு மணியிலிருந்து இரண்டு மணி வரை, நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் நேரத்தில்தான் தோல் உருப்படியாக டி செய்யும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலும் உதவாது. அந்த உச்சிப்பொழுது பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் அலுவலகத்துக்கும் அடுப்படிக்கும் விற்கப்பட்ட பொழுது. ஆகவே கேள்வி சூரியனைப் பற்றியது அல்ல, வேலைநேரத்தைப் பற்றியது.

7

சரி, இதெல்லாம் மாற நாளாகும், அதுவரை கேப்ஸ்யூல் விழுங்கினால் என்ன குறைந்துவிடும்? நியாயமான கேள்விதான். குறைவது உண்டு.

இங்கே கடைகளில் சகஜமாகக் கிடைப்பது 60,000 யூனிட் கேப்ஸ்யூல், அல்லது பாலில் கலக்கும் பொட்டலம். நாளைக்கு 600 யூனிட் என்ற பரிந்துரைப்படி பார்த்தால் நூறு நாள் சாமான் ஒரே விழுங்கலில். வாரம் ஒன்று, சில வாரங்களுக்கு மட்டும் என்று மருத்துவர் எழுதுவார். சீட்டு தொலைந்துபோகும், பழக்கம் நிற்காது. வாரம் ஒன்று தினம் ஒன்றாவதும் உண்டு. டி கொழுப்பில் கரைவது, வேண்டாதது சிறுநீரில் போய்விடும் என்ற பி வைட்டமின் கணக்கு இதற்குச் செல்லாது. அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். குமட்டல், மலச்சிக்கல், ஓயாத தாகம், குழப்பம், பிறகு சிறுநீரகத்தில் கல், சிறுநீரகப் பழுது. ஆறு லட்சம் யூனிட் ஊசிகளைத் திரும்பத் திரும்பப் போட்டு இப்படி வந்து சேர்ந்தவர்களைப் பற்றிக் காஷ்மீர் மருத்துவர்கள் 2011இல் எழுதினார்கள். அங்கே குறைபாடு பரவலாக இருப்பதே அந்த ஊசிகளுக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது.

ஒரே வீச்சில் கொடுப்பது சௌகரியம் என்ற எண்ணத்துக்கும் பதில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் எழுபது வயதைத் தாண்டிய 2,256 பெண்களில் ஒரு பாதிக்கு வருஷத்துக்கு ஒருமுறை ஐந்து லட்சம் யூனிட் கொடுத்தார்கள். 2010இல் முடிவு வந்தது: வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட இவர்கள் 15 சதவீதம் அதிகம் விழுந்தார்கள், 26 சதவீதம் அதிகம் எலும்பு முறித்துக்கொண்டார்கள். எலும்பைக் காக்கப் போன மருந்து.

காரைக்காலுக்கே உரிய ஒரு வழியும் உண்டு. 1954க்குப் பிறகும் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்ட குடும்பங்கள் இங்கே பல. பாரீஸிலிருந்து வரும் பெட்டியில் சாக்லேட்டோடு சத்துச் சொட்டு மருந்தும் வருகிறது. ‘ஃபிரான்ஸ் மருந்து’ என்றால் இன்னும் ஒரு மரியாதை. அதே பிரான்சில் 2021 ஜனவரியில் மருந்துப் பாதுகாப்பு அமைப்பு ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. மருந்து என்று அல்லாமல் சத்துப் பொருள் என்று விற்கப்படும் செறிவான டி சொட்டுகளைக் கொடுத்ததில் கைக்குழந்தைகளுக்கு அளவு மீறி, கால்சியம் ஏறி, சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது. ஒரு சொட்டில் எத்தனை யூனிட் என்பது புட்டிக்குப் புட்டி மாறும். பெட்டியில் வருகிற புட்டியை இங்கே யார் வாசிக்கிறார்கள்?

இன்னொரு கெடுதல் அளக்க முடியாதது. கேப்ஸ்யூல் வந்ததும் கேள்வி முடிந்துவிடுகிறது. கடையில் நிற்கும் பெண்ணின் வேலைநேரம், மூடப்பட்ட முற்றம், தட்டில் இல்லாத மோர் எல்லாம் சேர்ந்து ஒரு பொட்டலத்துக்குள் போய்விடுகின்றன.

8

அப்படியானால் வெயிலே தீர்வு, உழைப்பாளியே ஆரோக்கியமானவன் என்று பாட ஆரம்பிப்பது அதைவிட ஆபத்து. இயற்கை வாழ்வுக்காரர்கள் இதைத்தான் செய்கிறார்கள். உச்சிவெயில் பத்து இருபது நிமிஷம் மருந்து, எட்டு மணிநேரம் வன்முறை.

தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்ட தொழிலாளர்களைச் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் சகாக்களும் ஆராய்ந்து 2023இல் வெளியிட்டார்கள். பெரும்பாலோர் பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. இரண்டாம் பகுதியில் சொன்னதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: டி செயல்படும் வடிவம் பெறுவது சிறுநீரகத்தில். தோல் வேண்டிய மட்டும் டி செய்யும், அதைப் பயன்படுத்தும் உறுப்பையே அந்த வெயில் அரித்துவிடும். சீட்டில் அவர் எண் ‘நார்மல்’ என்றே வரக்கூடும்.

திருநள்ளாற்றுச் சனீஸ்வரன் சூரியனுக்கும் சாயாவுக்கும், அதாவது வெயிலுக்கும் நிழலுக்கும் பிறந்தவர் என்கிறது புராணம். சூரியனின் சூடு தாங்காத மனைவி தன் நிழலை அவனிடம் விட்டுவிட்டுப் போய்விட்டாள். விலகிப்போகும் உரிமை அவளுக்கு இருந்தது. உப்பளத்துப் பெண்ணுக்கு அது இல்லை.

9

ஆகவே இந்தப் பிரதியைத் திருத்தி எழுத வேண்டும் என்கிறேன். சீட்டில் இன்னும் சில பத்திகள் வேண்டும்: உச்சிப்பொழுது எங்கே கழிகிறது? வீட்டில் வானம் தெரியும் இடம் உண்டா? பால், மோர், கேழ்வரகு, சிறுமீன் வாரத்துக்கு எத்தனை நாள்? வலிப்புக்கோ காசநோய்க்கோ மாத்திரை உண்டா? சமீபத்தில் காய்ச்சல், அறுவை? தண்ணீர் குடிக்கவும் ஒதுங்கவும் வேலையிடத்தில் வசதி உண்டா? இவற்றைக் கேட்காமல் எழுதப்படும் எண் அரைகுறைப் பிரதி.

இயக்கங்களில் வேலை செய்கிற தோழர்களுக்குச் சொல்ல வேண்டியது: இதை மருத்துவர் விஷயம் என்று ஒதுக்காதீர்கள். ஜவுளிக்கடை, மருத்துவமனை, அலுவலகப் பெண்களுக்கு உச்சிவேளையில் வெளியே வர அரைமணி இடைவேளை என்பது கூலிக் கோரிக்கையைப் போலவே ஒரு கோரிக்கை. வயலிலும் உப்பளத்திலும் நிழற்கூரை, குடிதண்ணீர், கழிப்பறை அதன் மறுபாதி. அங்கன்வாடியில் கேழ்வரகும் பாலும் முட்டையும் மூன்றாவது. முஸ்லிம் பெண்களிடம் உடையைக் கழற்றச் சொல்வதற்குப் பதில், பெண்கள் மட்டும் சுதந்திரமாக உட்காரக்கூடிய திறந்தவெளி ஊரில் எத்தனை இருக்கிறது என்று நகராட்சியைக் கேட்கலாம்.

தனக்கு மருந்து வேண்டுமா என்று கேட்கிறவருக்கு: எலும்பு வலி, தசை பலவீனம், கர்ப்பம், கைக்குழந்தை, வலிப்பு மாத்திரை, வெளியே வர முடியாத முதுமை என்று காரணம் இருந்தால் மருத்துவரிடம் கேட்டு, சிறு அளவில், காலக்கெடுவோடு, கால்சியத்தையும் சேர்த்து யோசித்து எடுங்கள். கடையில் நீங்களாக 60,000 வாங்கி வாராவாரம் விழுங்காதீர்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள் கேட்காமல் தொடவே வேண்டாம்.

நடவு அக்காவின் மகளிடம் அவள் எண் என்ன என்று கேட்டேன். பதினான்கு. கேப்ஸ்யூல் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், சாப்பிடுகிறாள், சாப்பிடட்டும். மதிய இடைவேளை எவ்வளவு நேரம் என்று கேட்டேன். ‘இருவது நிமிஷம். அதுக்குள்ள சாப்ட்டுட்டு மேல வந்துடணும்’ என்றாள். சாப்பிடும் இடம் கடையின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத ஒரு அறை. அந்த இருபது நிமிஷத்தை நாற்பதாக்குவதற்குச் சங்கம் வைக்க யாராவது இருக்கிறீர்களா?